சிவப்புக் கோட்டுக்கு மேலே

மார்ச் 4
கப்பலிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உட்கார். நின்றுகொண்டு படிக்கிற கடிதமில்லை இது.

அந்த வண்டி விலைக்கு வருகிறது!

எந்த வண்டி என்று நீ கேட்டால் இங்கிருந்தே கடலில் குதித்துவிடுவேன். பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் சிக்னலில் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றதே ஒரு கரும்பச்சைக் கார், அதுதான். உன் காது புண்ணாகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். விளக்கு பச்சைக்கு மாறியது, அது போய்விட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டியும் நான் ஒரு காலை ஊன்றியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கு வீட்டளவு பெரிய இன்ஜினுக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிறேன். ஆனாலும் அன்றைக்குக் கேட்ட சத்தம் என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

என்னோடு பட்டறையில் இருந்த டயர் கடைக்காரன்தான் தகவல் எழுதியிருந்தான். அந்த நாளிலிருந்து இன்றுவரை அதை வைத்திருப்பவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். கண்ணில் கோளாறு வந்து, வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். ஆனால் ஒரு சங்கதி. நடுவில் வண்டியின் இன்ஜினை மாற்றிவிட்டார்கள். பழைய நாலு சிலிண்டர் உடைந்துபோய், அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

என் குழப்பமே அங்கேதான். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் நான் மற்றவர்களுக்கு என்ன சொல்வேன் தெரியுமா? "வேணாம், ஓடிடு" என்பேன். யார் பொருத்தினார்கள், எதை வெட்டி எதை ஒட்டினார்கள், ஒன்றும் தெரியாது. அதைவிட, நான் பார்த்த வண்டிதானா அது? உடம்பு அதே, உயிர் வேறு. அதை அதே ஆள் என்று எப்படிச் சொல்வது?

நான் கரையிறங்க இன்னும் ஐந்து மாதம் ஆகும். அதுவரை அது காத்திருக்காது. நீதான் போய்ப் பார்க்க வேண்டும். தெரியும், உனக்குக் கார் என்றால் நாலு சக்கரம், ஒரு ஹாரன், அவ்வளவுதான். ஆனால் இப்போது வீட்டில் இருப்பவர்களில் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவள் நீதானே! இன்ஜின் அதன் இடத்தில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா, அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா, முள்ளெல்லாம் என்ன காட்டுகிறது, எல்லாவற்றையும் பார்த்து அப்படியே எழுது. கப்பல் தொலைபேசியில் பேச முடியாது. மூன்று வார்த்தைக்கு மேல் போனால் கேப்டன் பின்னால் நின்று இருமுகிறார்.

பல் கட்டுகிற கையால் என் வண்டியையும் கொஞ்சம் தொட்டுப் பார், அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 24
வீடு

என் அருமைத் தம்பிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் கோபம் வந்தது. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி உண்டா? அக்கா, நீ சாப்பிட்டாயா என்று உண்டா? கடிதம் முழுக்கக் கார். "அவனுக்குப் பொண்ணு பாக்கறதுக்குப் பதிலா கார் பாக்கப் போறியா, போ போ" என்று அம்மா சிரித்தார். நன்றாக இருக்கிறார், நீ கேட்காவிட்டாலும்.

சரி, போனேன். உனக்காக இல்லை, போகாவிட்டால் நீ மாதம் நாலு கடிதம் எழுதுவாய் என்ற பயத்தில்.

ரொட்டிக்கடை ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. முன்னால் கடை, நடுவில் அடுப்பறை, பின்னால் கொட்டகை. ரொட்டிக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முழங்கைவரை மாவு. என் முகத்தைப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் சாய்க்கிறார். நடுவில் மங்கலாம், ஓரத்தில்தான் தெரியுமாம். "கார் பாக்க வந்தீங்களா? உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்றார். "வீட்டுக்காரரும் இல்ல, வீட்டுல காரும் இல்லைங்க ஐயா. தம்பிக்காக வந்தேன்" என்றேன். அதற்கே விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர் என்று அப்போதே தோன்றியது.

கொட்டகைக் கதவைத் திறந்தார்.

தம்பி, உன்னை இத்தனை வருடம் கேலி செய்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எனக்குக் கார் தெரியாது. ஆனால் வளைவு தெரியும். ஒரு பல்லின் வளைவைச் சரியாகக் கொண்டுவர நான் அரைநாள் மெழுகோடு மல்லுக்கட்டுகிறவள். அந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே தகடு வளைந்து இறங்குகிறதே, அதைச் செய்தவனுக்குக் கை இருந்ததா வேறு ஏதாவது இருந்ததா? தொட்டுப் பார்த்தேன். கையை எடுக்க மனம் வரவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இன்ஜின் ஆடவில்லை. அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறார், ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பொருத்தியது அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். குளிர்பெட்டி பழுது பார்ப்பவராக இருந்தாராம். இவரும் அவரும் சேர்ந்து ஒரு மழைக்காலம் முழுவதும் கொட்டகையிலேயே கிடந்து மாட்டியிருக்கிறார்கள். மச்சான் இப்போது இல்லை. அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ரொட்டிக்காரர் நிறுத்துவதில்லை. "அவன் கை வச்சா ஒரு திருகு பிசகாதும்மா. ஒரே ஒரு விஷயம்தான் நான் பிடிவாதமா கேட்டேன். இந்த மீட்டரை மட்டும் மாத்தாதடான்னேன். அந்தப் பச்சை வெளிச்சம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்" என்றார். அதனால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற பழைய ஆர்.பி.எம். மீட்டர் அப்படியே இருக்கிறது. வட்டமாக, குளத்து நீர் மாதிரிப் பச்சையாக.

சாவியை என்னிடம் கொடுத்து, "நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன்" என்றார். பல்செட் கட்டுகிற எங்கள் ஆய்வகத்தின் வேனைத் தவிர நான் எதையும் ஓட்டியதில்லை.

கிளம்பியதும் ஒரு முனகல். நான் கட்டிய பல்செட்டில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்தினால் 'டக்' என்று ஒரே சத்தம் வரும். அந்த மாதிரி, இதில் ஒன்றுக்கொன்று இடிக்கிற சத்தமே இல்லை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போகிறது. ஊருக்கு வெளியே சாலை விரிந்ததும் காலைக் கொஞ்சம் அழுத்தினேன். முதுகு சீட்டோடு ஒட்டியது. "அம்மாடி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன், வெட்கமில்லாமல்.

அந்த மீட்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் அவர் கையை உயர்த்தினார். அவருக்கு முள் தெரியாது, காதால்தான். "போதும்மா, சிவப்பு வந்துடுச்சு. இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட நான் அதைத் தாண்டுனதில்ல. என் அடுப்பு முள்ளும் அப்படித்தான், சிவப்பைத் தொட்டா ரொட்டி கரிஞ்சிடும்" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தமாக, "பழைய இன்ஜின் மாதிரி துள்ளல் இதுல கிடையாது. பெரிசுதான், ஆனா சோம்பேறி. உங்க தம்பிகிட்ட மறைக்காம சொல்லிடுங்க" என்றார்.

சோம்பேறியா! என் முதுகைக் கேட்டுப் பார். நீ கேட்ட மற்ற முட்கள் எல்லாம் ஒழுங்கு. ஒன்று மட்டும் எழுதுகிறேன், அர்த்தம் உண்டா தெரியாது. வண்டி சும்மா நிற்கும்போதும் அந்தப் பச்சை மீட்டர் ஆயிரத்து இருநூறு காட்டுகிறது. சத்தமோ அவ்வளவு அமைதி.

விலை பேசவில்லை. உனக்கு வேண்டுமா வேண்டாமா, சொல்.

அக்கா


ஏப்ரல் 15
கப்பலிலிருந்து

அக்கா! அக்கா! அக்கா!

அம்மா எப்படி இருக்கிறார், நீ சாப்பிட்டாயா, போதுமா? இனி நான் சொல்வதைக் கேள்.

உன் கடிதத்தை இன்ஜின் அறையில் படித்தேன். ஆயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினை எனக்குத் தெரியும். சும்மா நிற்கும்போது அது எண்ணூறுதான் சுற்ற வேண்டும். ஆயிரத்து இருநூறு என்றால் அமைதியாக இருக்காது, உறுமும். அப்படியென்றால்? பொய் சொல்வது இன்ஜின் இல்லை, மீட்டர்!

உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். பிளக்கில் பொறி எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணித்தான் அந்த மீட்டர் முள்ளை நகர்த்துகிறது. நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. ஆறு சிலிண்டரில் மூன்று. ரொட்டிக்காரரின் மச்சான் இன்ஜினை மாற்றினார், மீட்டரை மாற்றவில்லை. பாவம் அந்த மீட்டருக்கு என்ன தெரியும்? இன்னும் நாலு சிலிண்டர்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூன்று பொறி வரும்போது ஒன்றரைச் சுற்று என்று கணக்குப் போடுகிறது. எண்ணூறை ஆயிரத்து இருநூறு என்கிறது. முள் சிவப்பைத் தொடும்போது இன்ஜின் உண்மையில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடியிருக்கிறது.

இப்போது இதை யோசி. அந்த இன்ஜினின் உயிரே அந்தக் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. கீழே அது தூங்குமூஞ்சி. மேலே போகப் போகத்தான் மூச்சை இழுக்கும். அவர் அதைக் கேட்டதே இல்லை! இத்தனை வருடம் கதவுவரை போய்க் கதவைத் தட்டாமல் திரும்பி வந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, அக்கா. நான் சிக்னலில் கேட்டது பழைய இன்ஜினைத்தான். அதுவே என்னை அப்படி நிறுத்தியது என்றால், இதை இன்னும் ஒருவருமே முழுசாகக் கேட்கவில்லை!

உங்கள் ஆய்வகத்தில் பல் தேய்க்கிற மோட்டாரின் சுற்றை ஒளி அடித்து எண்ணுகிற கருவி இருக்குமே? அதை எடுத்துக்கொண்டு போ. இன்ஜினின் முன்பக்கம் அடியில் பெல்ட் ஓடுகிற பெரிய புல்லிச் சக்கரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வை. எண்ணிப் பார். எண்ணூறு வந்தால் நான் சொன்னது சரி.

சரியாக இருந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடு. அவரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. தெரிந்தால் அவர் விற்பாரா? நானாக இருந்தால் விற்க மாட்டேன்.

உன் தம்பி


மே 3
வீடு

தம்பிக்கு,

எண்ணூறு.

ஆய்வகத்து எண்ணும் கருவியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். "என்னம்மா அது, துப்பாக்கி மாதிரி?" என்று கேட்டார் ரொட்டிக்காரரின் மனைவி. "தம்பி கேட்டான், இன்ஜினுக்கு ஜுரம் பாக்க" என்றேன். நான் முன்பல்லுக்குப் பூசுகிற வெள்ளையில் ஒரு பொட்டைப் புல்லியில் வைத்தேன். ஆறு சிலிண்டருக்குப் பால்பல் முளைத்த மாதிரி இருந்தது. கருவியின் சின்னக் கண்ணாடியில் எண்ணூறு. தலையை உள்ளே நீட்டிப் பச்சை மீட்டரைப் பார்த்தால் ஆயிரத்து இருநூறு. நான்கு தடவை பார்த்தேன்.

தம்பி, எதிரே அவர் நிற்கிறார். தலையைச் சாய்த்துக்கொண்டு, "எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்கிறார். "இருக்குங்க ஐயா" என்றேன். தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். சூடான ரொட்டி ஒன்றைக் கையில் திணித்தார்கள், வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதைத் தின்ன முடியவில்லை. அம்மாதான் தின்றார்.

சொல்லாதே என்கிறாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? "சோம்பேறி இன்ஜின், உங்க தம்பிகிட்ட மறைக்காம சொல்லிடுங்க" என்று தன் வாயாலேயே குறை சொல்லி விற்கிற மனிதர் அவர். அவரிடம் நான் மறைப்பதா? நான் கட்டுகிற பல் எவர் வாயிலோ போய் உட்காருகிறது. அந்த முகம்கூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் உள்பக்கம் ஒரு கீறல் இருந்தால் அனுப்ப மாட்டேன். முகம் தெரிந்தவரிடம் மட்டும் பொய்யா?

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த மீட்டர், அவருடைய மச்சான் விட்ட பிழை. "ஒரு திருகு பிசகாது" என்று கும்பிடாத குறையாகச் சொல்கிறாரே, அவரிடம் போய், உங்க மச்சான் தப்புப் பண்ணிட்டார், இத்தனை வருஷம் நீங்க ஏமாந்துட்டீங்க என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். நீ பாட்டுக்குக் கடலில் இருந்துகொண்டு புல்லரிக்கிறாய்!

வாங்குகிற நாளைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஆனால் சொல்லத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன். சொல்லாமல் வாங்கினால் அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் அவர் தலை சாய்ந்து என்னைப் பார்க்கும்.

அக்கா


மே 21
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

உன் நியாயம் எல்லாம் நியாயம்தான். பொய் சொல் என்றா சொன்னேன்? கேட்காததைச் சொல்லாதே என்றேன். கண் தெரியாத மனிதர், ஓட்டவே முடியாது. அவரிடம் போய், நீங்க கேக்காத ஒண்ணு இதுக்குள்ள இருந்துச்சு என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஏக்கம்தான் கிடைக்கும். அது புண்ணியமா? அவர் நிம்மதியாக விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கட்டுமே!

என்னைப் பற்றியும் கொஞ்சம் நினை. பதினாறு வருடமாக நான் ஆசைப்பட்டது இந்த ஒன்றுதான். கல்யாணம் ஏன் வேண்டாம் என்று அம்மா கேட்கும்போது சிரித்து மழுப்புவேன். வீடு ஏன் வாங்கவில்லை என்று நீ கேட்டாய், மழுப்பினேன். இது ஒன்றை மட்டும் நான் மழுப்பியதில்லை. அவர் கேட்டுவிட்டால் விற்க மாட்டார், அக்கா. கொட்டகையிலேயே பூட்டி வைத்துக்கொள்வார். நான் திரும்பவும் சைக்கிளோடு சிக்னலில் நிற்பேன்.

உன் இஷ்டம். நீ எப்போதும் உன் இஷ்டப்படிதான் செய்வாய்.

தம்பி

பின்குறிப்பு: ஒருவேளை நீ சொல்லத்தான் போகிறாய் என்றால், வெறும் வாயால் சொல்லாதே. வாயால் சொன்னால் அது குறை சொல்வதாகிவிடும். கேட்க வை. நல்ல நீளமான, ஆளில்லாத இடத்தில் மூன்றாவது கியரில் போ. முள் முழுசாக ஓடி முட்டி நிற்கும், பயப்படாதே, அது பொய்யன். வேகம் காட்டுகிற முள் வேறு, அது உண்மை பேசும். அது நூற்றைம்பதைத் தொடும்வரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் வேண்டாம். எதற்கு இதை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.


ஜூன் 9
வீடு

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு பின்குறிப்பைப் படித்து இன்னொரு முறை அழுதேன். கோபத்தில் எழுதுகிறவன் எழுதுகிற பின்குறிப்பா அது?

நேற்று நடந்ததை எழுதுகிறேன். ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும் என்று ஆய்வகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே விமானம் இறங்காத பழைய ஓடுதளம் இருக்கிறதல்லவா, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டப் பழகுவார்களே, அந்த இடம்தான். காவலாளியிடம் அனுமதி கேட்டேன். ஆளில்லாத வேளையாகப் பார்த்து வரச் சொன்னார். ரொட்டிக்காரரிடம், "கடைசியா ஒருதடவை ஓட்டிப் பாக்கணுங்க ஐயா, நீங்களும் வாங்க" என்றேன். மாவுக் கையைக் கழுவிவிட்டு, நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். காருக்கு விடை கொடுக்க வருகிறாராம்.

ஓடுதளத்தின் முனையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "ஐயா, இன்னிக்கு நான் சிவப்பைத் தாண்டப் போறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம்மா! வெடிச்சிடும்!" என்று என் கையைப் பிடித்தார். உன் பின்குறிப்பு நினைவுக்கு வந்தது. மீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "என் தம்பி கப்பல் இன்ஜினைக் கட்டி மேய்க்கிறவன். அவன் தாண்டலாம்னு சொல்றான். என்னை நம்பறீங்களா?" என்றேன். தலையைச் சாய்த்து என்னையே பார்த்தார். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. வழக்கமான முனகல். முள் ஏறியது. சிவப்பு வந்தது. வழக்கம்போல அவர் கை தானாக உயர்ந்தது. நான் காலை எடுக்கவில்லை.

சிவப்பைத் தாண்டியும் கொஞ்ச தூரம் ஒன்றும் நடக்கவில்லை. அதே சத்தம். நானும் நீயும் சேர்ந்து ஒரு முட்டாள்தனத்தைப் பண்ணிவிட்டோமா என்று நினைத்தேன்.

அப்புறம் அது வாயைத் திறந்தது.

எப்படி எழுதுவேன்? அடிவயிற்றிலிருந்து பேசிக்கொண்டிருந்தது திடீரென்று தொண்டை திறந்து பாடினால் எப்படி இருக்கும்? முனகல் போய் ஒரே குரல், கூர்மையாக, சுத்தமாக, ஏறிக்கொண்டே போகிறது, நிற்கவில்லை. வண்டி முன்னால் பாய்கிறது, என் மார்பை யாரோ உள்ளங்கையால் அழுத்துகிறார்கள். ஓடுதளத்துக் கோடுகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. முள் கடைசியில் போய் முட்டிக்கொண்டு துடிக்கிறது. இன்னும் இருக்கிறது, இன்னும் ஏறுகிறது! எனக்குப் பயம் என்பதே இல்லை, தம்பி. நாற்பத்து மூன்று வயதில், பல்லும் மெழுகும் தவிர ஒன்றும் தெரியாதவள், உலகத்தில் இவ்வளவு பெரிய அழகு ஒன்று என் வலது பாதத்துக்கு அடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நூற்று நாற்பத்தைந்தில் காலை எடுத்தேன். அது இறங்கி வந்த சத்தம்கூட அவ்வளவு இனிமை.

வண்டியை நிறுத்தினேன். அவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். உன் பேச்சைக் கேட்காமல் ஒரு நல்ல மனிதரின் நெஞ்சை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இது... எப்பவும் உள்ள இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க ஐயா." அப்போதுதான் சொன்னேன், நாலு, ஆறு, பொறி, மீட்டர் எல்லாம். மச்சான் பேச்சு வந்த இடத்தை வேகமாகச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப்போய்ப் பார்த்தால், சிரிக்கிறார்! கண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறார். டேஷ்போர்டை ஓங்கி ஓங்கித் தட்டுகிறார்.

"பாவி மச்சான்! அடப்பாவி! மீட்டரை மாத்தாதன்னு சொன்னது நான்தானேம்மா! செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே அவன்கிட்டயிருந்து புதுசா ஒண்ணும் வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன். எனக்குன்னு இவ்வளவு மிச்சம் வச்சிட்டுப் போயிருக்கானே!" என்றார்.

திரும்பவும் போகச் சொன்னார். போனேன். இன்னொரு தடவை என்றார். பெட்ரோல் முள் படுத்துக்கொள்ளும்வரை போனோம்.

இனி உனக்குக் கசக்கிற பகுதி. கொட்டகைக்குத் திரும்பியதும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முடிந்தது, நீ சொன்னதுதான் நடந்தது, விற்க மாட்டார் என்று நினைத்தேன். சாவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்து அதில் வைத்து மூடினார்.

"தரேன். ஆனா உங்க தம்பிக்கு இல்ல, உங்களுக்கு. எதைச் சொன்னா நான் தர மாட்டேன்னு தெரிஞ்சும் சொன்னீங்க பாருங்க, அந்த ஆளுக்குத்தான் இது. காகிதத்துல உங்க பேர்தான் இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை ஏத்திக்கிட்டுப் போங்க. அந்த மீட்டரை மட்டும் மாத்திடாதீங்க" என்றார்.

தம்பியிடம் கேட்க வேண்டும் என்று வந்துவிட்டேன். கார் அங்கேதான் இருக்கிறது, சாவி மட்டும் என்னிடம். இதை எழுதும்போது காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உன்னிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. உனக்காக என்று போனேன். இப்போது எனக்கு அது வேண்டும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டும். நீ பதினாறு வருடம் காத்திருந்தவன். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் வைத்துக்கொள்வேன்.

அக்கா


ஜூன் 30
கப்பலிலிருந்து

அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். முதல் நாள் கோபம். நான் கண்ட கனவு, நான் சொன்ன கணக்கு, நான் எழுதிய பின்குறிப்பு, கார் மட்டும் உனக்கா! தலைமை இன்ஜினியர் இரண்டு தடவை திட்டினார், காதில் விழவில்லை.

இரண்டாம் நாள் திரும்பப் படித்தேன். "அப்புறம் அது வாயைத் திறந்தது" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, பெரிய இன்ஜினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இங்கே சத்தத்துக்குக் காது அடைத்திருப்போம், கையைத் தகட்டில் வைத்துத்தான் கேட்போம். கையை வைத்தேன். என்னமோ தெரியவில்லை, அக்கா, அந்தப் பச்சைக் காரின் குரல் எனக்கு உள்ளங்கையில் கேட்டது. பக்கத்தில் நின்றவன் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?" என்று சைகையில் கேட்டான். இல்லை, நல்ல சேதி என்று தலையாட்டினேன். உண்மையாகவே அப்போதுதான் எனக்கு அது நல்ல சேதி ஆனது.

மூன்றாம் நாள் யோசித்தது இது. நான் வாங்கியிருந்தால் மறைத்து வாங்கியிருப்பேன். முதல் ஞாயிறு தனியாகப் போய்ச் சிவப்பைத் தாண்டிக் கேட்டிருப்பேன், பைத்தியம் மாதிரி கத்தியிருப்பேன். பக்கத்து சீட் காலியாக இருந்திருக்கும். அந்த மனிதர் அடுப்பறையில் மாவு பிசைந்துகொண்டே, "சோம்பேறி இன்ஜின், போய்த் தொலைஞ்சுது" என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவருடைய மச்சான் வைத்துவிட்டுப் போன மிச்சத்தை நான் ஒருவனே தின்றிருப்பேன். உனக்கு அது தொண்டையில் இறங்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இறங்கியிருக்கும், அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது போல. முகம் பார்க்காமலே என்னை எடை போட்டுவிட்டாரே, ரொட்டிக்காரர்!

காகிதத்தில் உன் பெயரைப் போடு. நான் வீட்டுக்கு அனுப்பி வைத்த பணத்தை அதன் விலைக்கே எடுத்துக்கொள், பேசாதே. உடன்பிறந்தவளுக்கு நான் இதுவரை ஒரு நல்ல புடவைகூட எடுத்துக் கொடுத்ததில்லை என்று அம்மா சொல்லிக்காட்டுவார் இல்லையா? இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்.

ஆகஸ்டில் இறங்குகிறேன். துறைமுகத்துக்கு அதிலேயே வந்துவிடு. ரொட்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. முன்சீட் அவருக்கு. பின்னால் இருக்கிற பொம்மை அளவு சீட்டில் முழங்காலை மூக்கில் இடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன். துறைமுகச் சாலையில் ஒரு சிக்னல் உண்டு. அங்கே யாராவது சைக்கிளில் நின்றால் கொஞ்சம் மெதுவாகக் கிளம்பு, பாவம், அவன் பிழைப்பு கெட்டுப்போகும்.

அங்கிருந்து வீட்டுக்குப் போக வேண்டாம். நேராக ஓடுதளத்துக்குப் போ. அம்மா ஒருநாள் காத்திருப்பார். முள் ஏறும்போது நான் பின்னாலிருந்து ஏதாவது உளறுவேன், கண்டுகொள்ளாதே. அவர் கை பழக்கத்தில் உயரும், அதையும் கண்டுகொள்ளாதே.

சிவப்பு வந்ததும் காலை எடுத்துவிடாதே, அக்கா.

உன் தம்பி